திரையில் ஓடிய கோடு

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மின்சார ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டியது. எதிர் இருக்கையில், தொழிற்பேட்டையில் வேலை முடித்துத் திரும்பும் இரண்டு பெண்கள். மூத்தவள் திடீரென்று குரலை உயர்த்தினாள்.

"அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரு செத்துக்கினு இருக்காரு, அவரு கம்பெனி சேஃப்டி ஆபீசரு 'ஆளு நல்லா இருக்காரு'ன்னு மேனேஜருக்கு போட்டோ அனுப்பிக்கினு இருக்கான்!"

"இன்னாக்கா சொல்ற?"

"சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி நெஞ்சுல இடிச்சிட்ச்சுன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோமா, அங்க பேச்சு மூச்சு நின்னுபோச்சு. ஆனா மானிட்டர்ல கோடு மட்டும் ஒழுங்கா ஓடுது. அதத்தான் அந்த ஆபீசரு போட்டோ புடிச்சு அனுப்புறான். டாக்டரம்மா கழுத்துல கைய வெச்சுப் பாத்தாங்க. நாடி இல்லன்னதும் நெஞ்ச அமுக்க ஆரம்பிச்சுட்டாங்க. இவன், 'மேடம், கோடுதான் ஓடுதே, ஏன் அமுக்குறீங்க?'ன்றான்."

"அய்ய!"

"'இதயத்துல கரண்டு இருக்கு, ரத்தம் ஓடல'ன்னாங்க. 'அப்ப சினிமால மாதிரி ஷாக் குடுங்க'ன்றான். 'இதுக்கு ஷாக் கேக்காது, காரணத்தக் கண்டுபுடிக்கணும், தள்ளி நில்லுங்க'ன்னாங்க. நர்சு அமுக்கிக்கினே இருக்க, டாக்டரம்மா மருந்து ஏத்திட்டு நெஞ்சத் தடவிப் பாத்தாங்க. பம்புல காத்து குடுத்தும் ஒரு பக்கம் மூச்சே போவல. ஒடஞ்ச எலும்பு நுரையீரலக் குத்தி, உள்ள காத்து அடச்சுக்கினு இதயத்த நெரிச்சிருக்கு. அங்க ஒரு ஊசியக் குத்துனாங்க பாரு, புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு. நாடியும் வந்துச்சு."

"அப்பறம்?"

"மறுநாளு கண்ணத் தொறந்தாரு. என் கையப் புடிச்சுக்கினு, 'நெஞ்சு இப்டி வலிக்குதே, எவன்டி என்ன அடிச்சது?'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"'உசுரக் காப்பாத்த நெஞ்ச அமுக்குனது இவங்கதான்'னு டாக்டரம்மாவக் காட்டுனேன். கையெடுத்துக் கும்புட்டாரு."