அம்மாவின் கால்கட்டு

சாமி, போன வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டேன். தவக்கால வெள்ளியில் கறி ஆகாது என்பது கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. அது பாவம்தானா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பாவசங்கீர்த்தனத் தட்டிக்குப் பின்னால் முகம் தெரியாவிட்டாலும் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பீர்கள். பாப்பிரெட்டிப்பட்டி டெய்லர் சவுரியப்பன்தான். பெல்பாட்டம் தைக்கச் சேலம் போய்க்கொண்டிருந்த பையன்களெல்லாம் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். வெட்டுவதும் மிஷின் ஓட்டுவதும் நான். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, ஓரம் மடித்து எம்மிங் செய்வது எல்லாம் வீட்டில் என் சம்சாரம் தெரசா. சமையல் முடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மிச்ச நேரத்தில் செய்துவிடுவாள். அவள் எடுத்த காஜாவைப் பார்த்து என் கையைப் புகழ்வார்கள். நான் மறுத்ததில்லை. கட்டினவள் கையும் என் கைதானே.

போன வருடம் கான்வென்ட் சிஸ்டர்கள் பெண்களுக்குத் தையல் வகுப்பு தொடங்குவதாகச் சொல்லி, கற்றுக்கொடுக்க தெரசாவைக் கேட்டார்கள். மாதச் சம்பளம். பள்ளிக்கூடம் திறக்கும்போது சேர வேண்டும். அவள் அன்று சிரித்த சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அம்மாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"நீ போம்மா. களி கிண்ட, மாட்டப் பாக்க நான் இல்லையா? வூட்ட நான் பாத்துக்கறேன்."

எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை, சாமி. ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில்தான் யூனிபாரம் வந்து குவியும். அத்தனை சட்டைக்கும் காஜா யார் எடுப்பது? வெளியாள் வைத்தால் கூலி கேட்பான். தெரசா கேட்டதே இல்லை.

ஈஸ்டர் முடிந்த கையோடு அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். சத்தியமாக அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. சித்தேரி மலை அடிவாரத்திலிருந்து பச்சியப்பன் வைத்தியரைக் கூட்டிவந்தேன். முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "கால அசைக்காம வெச்சிருந்தா பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள நடப்பாங்க" என்றார். தெரசா அன்றே போய், கட்டாயம் வந்துவிடுவேன் என்று சிஸ்டர்களிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அதுவரை மலச்சட்டி எடுப்பது, உடம்பு துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். இடையிடையே அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து காஜாவும் எடுத்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன இருக்கிறது?

மத்தியானம் தெரசா தண்ணீருக்குப் போவாள். கஷாயம் குடித்த அம்மா கண்ணயர்ந்திருப்பார். நான் கடையைச் சாத்திவிட்டு வந்து அவர் காலடியில் உட்காருவேன். கட்டைக் கொஞ்சம் தளர்த்துவேன். பாதத்தைப் பிடித்து ஒரு விரற்கடை திருப்பிவைத்துவிட்டு, பழையபடி கட்டிவிடுவேன். முடிச்சு மாறாமல் போடுவது ஒரு டெய்லருக்குப் பெரிய காரியமில்லை. அம்மா முனகினால் நெற்றியைத் தடவிக்கொடுப்பேன். பக்கத்து வீட்டு முனியம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "பெத்த புள்ளன்னா இப்படி இருக்கணும்" என்று தெரு முழுக்கச் சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கட்டைப் பிரித்த அன்று கால் கோணியிருந்தது. ஊன்றப் பார்த்த அம்மா அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வைத்தியர் தெரசாவைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அசைக்காதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. என்ன கவனிப்பும்மா இது?"

அவள் தலையைக் குனிந்து நின்றாள். நான் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்காதென்று இரண்டு வார்த்தை திட்டினேன். தையல் வகுப்புக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். யூனிபாரமெல்லாம் சொன்ன நேரத்துக்கு முடிந்தது. தன் கவனக்குறைவால்தான் கால் போனது என்று தெரசா இன்றுவரை நம்புகிறாள். அதனால் அம்மாவை முன்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்.

போன வாரம் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்த மத்தியானமெல்லாம் நான் தூங்கலடா, சவுரி. நீ கட்டச் சரி பண்றதா நெனச்சுட்டேன்."

போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"தெரசாகிட்ட சொல்ல மாட்டேன். சொல்லி, அவ வெறுத்துப்போயி வூட்ட வுட்டுப் போயிட்டா, என்னைத் தூக்கி உக்கார வெக்கறது யாரு? நீயா?"

நான் சிரித்துவிட்டேன். பாருங்கள் சாமி, பெற்றவளுக்கே என் பக்கத்து நியாயம் புரிந்துவிட்டது.

அவ்வளவுதான். எலும்பு தானாக முறிந்தது. அதைச் சேரவிடாமல் செய்தவன் நான். பரிகாரம் எதுவென்றாலும் சொல்லுங்கள், ஜெபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்ல வேண்டும் என்றாலும் சரி. ஈஸ்டர் துணி கடையில் குவிந்து கிடப்பதால் எனக்குத்தான் நேரம் இருக்காது. தெரசாவைச் சொல்லச் சொல்கிறேன். அவள் அம்மா பக்கத்தில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள்.