கினந்தி என்று யாரும் இல்லை

தேநீர் ரொம்ப இனிப்பாக இருந்தால் சொல்லுங்கள், மாற்றித் தரச் சொல்கிறேன். எங்கள் பந்துல் ஊர்ப் பக்கத்தில் சர்க்கரையை அள்ளித்தான் போடுவார்கள். என் மாமனாருக்குக் கண் போனதும் சர்க்கரையால்தான். ஆனாலும் என் மனைவியின் கை சர்க்கரையைக் குறைக்கவில்லை.

வாசகர் மன்றத்து மலரில் அவரைப் பற்றி எழுதப் போகிறீர்களாம். நல்லது. ‘ஒப்பாக் ஆற்று வாள்’ நாவலை அவரைப் போல நேசித்தவர் இந்த ஊரில் கிடையாது. என் மாமனார் பாக் ஹர்ஜோ என்றால் அந்தக் கதைதான் முதலில் ஞாபகம் வரும், அப்புறம்தான் அவர் ஓட்டிய பேருந்து. முந்நூறு பாகங்கள், உள்ளங்கை அகலத்தில், மாதம் இரண்டு. புதிய பாகம் வரும் நாளில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கடைக்கு நடப்பாராம். பயணிகள் திட்ட மாட்டார்களாம். பாதிப் பேர் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருப்பார்கள்.

மகளுக்குக் கதாநாயகியின் பெயரை வைத்தார். கினந்தி. முதல் பாகத்தில், படை துரத்த, கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வெள்ளத்தில் ஆற்றைக் கடப்பாளே, அவள். என் மனைவி அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. “எனக்கும் சேத்து அவரே படிச்சுட்டாரு” என்பாள்.

கடைசி இருபது பாகங்களை மட்டும் அவர் படிக்காமல் வைத்திருந்தார். வாங்கி, அட்டை போட்டு, அலமாரியின் மேல் தட்டில். ஓய்வு பெற்ற பிறகு படிப்பதற்கு என்று முதலில் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகும் எடுக்கவில்லை. “முடிஞ்சுட்டா அப்புறம் எதுக்குலே காலையில எந்திரிக்கணும்?” என்பார். அப்படித் தள்ளிக்கொண்டே போனதில் ஒரு மழைக்காலத்தில் பார்வை போய்விட்டது.

சந்தை முனையில் இபு யெம்மின் தள்ளுவண்டிக் கடை இருக்கிறதல்லவா, சாயங்காலம் இஞ்சித் தேநீருக்குக் கூடும் கிழவர்கள் எல்லாரும் அந்தக் கதையை முழுக்கப் படித்தவர்கள். ஆனால் அவர் முன்னால் கடைசி இருபது பாகங்களில் ஒரு வரியைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். யாராவது ஆரம்பித்தால் தபால்கார ஜுமாடி தொண்டையைச் செருமுவார், பேச்சு மழைக்கும் நெல்லுக்கும் போய்விடும். பல வருடங்களாக அப்படிக் காத்தார்கள். அவர்களுடைய அந்த மரியாதை இல்லாவிட்டால் என்னால் எதுவும் செய்திருக்க முடியாது.

நான் பல்கலைக்கழகத்தை மூன்றாம் வருடத்தில் விட்டவன். சிகரெட் ஆலையில் இரவுக் காவல். பகலில் வீட்டில் இருப்பவன் நான்தான் என்பதால் படித்துக் காட்டும் வேலை என்னிடம் வந்தது. மதியத் தொழுகை முடிந்ததும் உட்காருவார். கால்களை மடித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிவாசலில் உட்கார்ந்திருப்பவர் போல.

கதையின் நாயகன் ஜகா மருதாவோடு என்னை ஒப்பிட்டுக் கடையில் அவர் பேசுவது வழக்கம். “ஜகா மருதா மாதிரி ஒரு மருமகன் வருவான்னு பாத்தேன். காவக்காரன் வந்தான். இவன் எதையும் முடிக்க மாட்டான்யா. படிப்பு பாதி, வேலை பாதி, சோறு மட்டும் முழுசா.” எல்லாரும் சிரிப்பார்கள். அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவன் நான், பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். எனக்குக் கோபம் வந்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கோபக்காரன் இல்லை.

குதிரையில்தான் தொடங்கியது. ஜகா மருதாவின் குதிரை நொண்டியபடி வீடு வந்து சேரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எனக்குத் தூக்கம் கண்ணை அழுத்தியது. சில பக்கங்களைத் தாண்டிவிடலாம் என்று குதிரையை ஆற்றிலேயே சாகவிட்டேன். அவர் அழுதார். மனைவியை அடக்கம் செய்த அன்று கல் மாதிரி நின்ற மனிதர், என் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். என் தூக்கம் கலைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் கவனமாகப் படித்தேன். முதலில் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி மனதுக்குள் படித்துப் பார்ப்பேன். பிறகு அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். ஆசிரியரின் நடை எனக்கு எளிதில் வந்தது. ஆலை வாசலில் விடிய விடிய உட்கார்ந்து மறுநாள் பகுதியை மனதுக்குள் எழுதிக்கொள்வேன். அந்த வேலையில் வேறு என்ன இருக்கிறது. கினந்தியைக் கோட்டைக் கதவைத் திறந்துவிடச் செய்தேன். எதிரி கொடுத்த பொன்னுக்காக.

அன்று சாயங்காலம் கடையில் அவரால் தேநீரைத் தொட முடியவில்லை.

“கினந்தி இப்படிப் பண்ணுவான்னு கனவுலயும் நெனைக்கலப்பா. கோட்டைக் கதவைத் தொறந்து விட்டுட்டாளே.”

ஜுமாடி கோப்பையை வைத்தார். “யாரு தொறந்தா?”

“அவதான். பொன்னுக்கு ஆசப்பட்டு.”

“யோவ் ஹர்ஜோ, வாயைக் கழுவு. எரியிற கதவுக்கு முன்னாடி தனியா நின்னவய்யா அவ. முடியெல்லாம் கருகியும் நகரல. அவளப் போயி...”

“நான் கேட்டேன்யா. இன்னைக்கு மத்தியானம் இந்தக் காதால கேட்டேன்.”

“சர்க்கரை மூளைக்கு ஏறிடுச்சு போல,” என்றாள் இபு யெம். “இனிமே இவரு டீயில உப்பத்தான் போடணும்.”

சிரித்தார்கள். ஜுமாடி மட்டும் சிரிக்கவில்லை. அவர் காதலித்த பெண்ணைப் பழித்துவிட்டது போல அவருக்கு முகம் சிவந்திருந்தது. மறுநாள் தன் வீட்டில் இருந்த அந்தப் பாகத்தைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். எரியும் கதவு, கருகும் கூந்தல், எல்லாம். பாக் ஹர்ஜோ தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.

திரும்பும் வழியில் அவர் கை என் தோளில் இருந்தது.

“லே, நீ எனக்குப் படிச்சது எது?”

“அவரு படிச்சதையேதான் பாக், நானும் படிச்சேன். வரிக்கு வரி.”

“கதவைத் தொறந்தான்னு...”

“அப்படி நான் படிக்கவே இல்லையே. நீங்க நடுவுல கண்ணசந்துட்டீங்க. கனவா இருக்கும்.”

வாய்க்கால் பாலம் வரை தோளில் இருந்த கை கனத்தது.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆனால் அவர்தான் தொடர்ந்தார். கடைக்குப் போவதை விட்டுவிட்டார். ஜுமாடி படித்துக்காட்ட வருகிறேன் என்று வாசலில் வந்து நின்றபோது, தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார். வெட்கம். பிறகு ஒரு மதியம், முதல் பாகத்தை எடு என்றார். “எனக்கு ஞாபகம் சரியா இருக்கான்னு பாப்போம். நான் சொல்றேன், நீ புத்தகத்தைப் பாரு.”

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். குருட்டுக் கண்ணையும் மூடிக்கொள்வார், ஒப்பிக்கும்போது. ஒரு சொல்கூடத் தவறவில்லை. ஆற்றில் நீர் ஏறுவது, கரையில் தீப்பந்தங்கள், குழந்தையின் அழுகை. நான் பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். அழகாகச் சொன்னார். உங்கள் மன்றத்தில் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது.

“சரியா இருக்காலே?”

“இல்ல பாக்.”

“எங்க தப்பு?”

“எல்லாமே கொஞ்சம் வேற மாதிரி இருக்கு.”

பிறகு கேட்டார், “ஆத்தக் கடக்குற பொண்ணு பேரு கினந்திதானே?”

பக்கத்தைப் பார்த்தேன். வரிக்கு வரி அந்தப் பெயர் இருந்தது.

“கினந்தின்னு யாரும் இல்ல பாக். இவ பேரு வேற.”

“அப்ப எம் பொண்ணுக்கு அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

அன்றிலிருந்து மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இபு என்றார், கடைக்காரியை ‘அம்மா’ என்று மரியாதைக்குக் கூப்பிடுவது போல. “இபு, கொஞ்சம் தண்ணி.” அவள் அவர் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்து, “அப்பா, நான் கினந்திப்பா” என்றாள்.

“இருக்கட்டும் இபு,” என்றார் மரியாதையாக. “நல்ல பேரு. யாரு வச்சாங்க?”

டாக்டர் வயது என்றார், சர்க்கரை என்றார். அவளும் நம்பினாள். ஜுமாடி ஒருநாள் வாசல்படியில் உட்கார்ந்து, கடையில் வைத்து அவமானப்படுத்தியதால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று தேம்பினார். அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியவன் நான்தான். மாமனார் சாப்பாட்டைக் குறைத்தார், பிறகு விட்டார். ஊட்டினால் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி இல்லை, விருந்துக்கு வந்த இடத்தில் போதும் என்று சொல்பவர் மாதிரி.

கடைசி வாரத்தில் கடைசிப் பாகத்தைக் கேட்டார். நான் படித்தேன். உள்ளதை உள்ளபடி, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜகா மருதா கிழவனாகத் திரும்பி வருகிறான், ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கினந்தி நெல் குத்திக்கொண்டிருக்கிறாள். தலை நிமிராமல், காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டு, கால் கழுவிட்டு வா, சோறு ஆறுது என்கிறாள்.

அவர் சிரித்தார். “நல்லா இருக்குலே. ஆனா கதை இப்படி முடியாது. எம் மனசு நோகக் கூடாதுன்னு நீயா சொல்ற.”

“இல்ல பாக். இப்படித்தான் இருக்கு.”

“பரவால்ல,” என்று என் முழங்காலைத் தட்டினார். “நல்ல புள்ளலே நீ.”

அதற்கு முன் அவர் என்னை அப்படிச் சொன்னதே இல்லை. நாலு நாளில் போய்விட்டார்.

அடுப்படிக் கதவு திறந்துதான் இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று கொஞ்ச நேரமாகிறது, நானும் கவனித்தேன். பரவாயில்லை, அவளும் ஒருநாள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நீங்கள் ஏன் தேநீரைக் குடிக்கவில்லை? எழுதுங்கள். முந்நூறாம் பாகம் வரை கூடவே உட்கார்ந்து படித்துக் காட்டியது அவருடைய மருமகன் என்று ஒரு வரி போதும். எதையும் பாதியில் விடுகிறவன் என்று இனி என்னை யாரும் சொல்ல முடியாது.