பட்டினி கிடந்து பிடிச்ச வால்நட்சத்திரம்

தனக்கோடி: …அதுக்குன்னு மாடிக் கதவ சாத்திக்கணுமா சௌம்யா? எதிர் வூட்டு தனக்கோடிதானே, போலீஸா வந்துகீது?

சௌம்யா: காத்துல சாத்திக்கிச்சுக்கா. வாங்க. அந்த ஸ்டாண்ட மட்டும் தொடாதீங்க.

தனக்கோடி: நான் எதையும் தொடல. பார்த்துகினு மட்டும் நிக்கறேன்.

சௌம்யா: அது தெரியும்.

தனக்கோடி: நக்கலு… சரி, நேராவே கேக்கறேன். உனக்கும் உங்க வூட்டுக்காரருக்கும் இன்னா சண்ட?

சௌம்யா: எங்களுக்குள்ள சண்டையா? யார் சொன்னா?

தனக்கோடி: யாராச்சும் சொல்லணுமா? எனக்குக் கண்ணு இல்ல? நீங்க ஜெயின் வூட்டு ஆளுங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுவீங்க, அப்புறம் ஒரு பருக்கை உள்ள போவாது. முந்தாநேத்து உங்க வூட்டுக்காரரு சந்திரகுமாரு தனியா உக்காந்து சாப்பிட்டாரு. நேத்தும் தனியா. இன்னிக்கும் தனியா. நீ மூஞ்சத் தூக்கி வெச்சிகினு மாடியில கீற.

சௌம்யா: ஜன்னல் வழியா ரசம் ஊத்தினாரா, மோர் ஊத்தினாரான்னும் பார்த்திருப்பீங்களே.

தனக்கோடி: மோரு. பேச்ச மாத்தாத. பட்டினி ஏன் கெடக்கற?

சௌம்யா: வேலை முடிஞ்சு போளூர் பஸ் என்னை எறக்கி விடறப்பவே பொழுது சாயப் போகுதுக்கா. சாப்பிட உக்காந்தா இந்த டெலஸ்கோப்ப நேர் பண்ண நேரம் இருக்காது. இத நேர் பண்ணா சாப்பாடு போச்சு.

தனக்கோடி: சோத்த வுட இந்தக் குழாயி பெருசா?

சௌம்யா: இதுல ஒண்ணு மாட்டியிருக்கு… சொன்னா தெருவுல…

தனக்கோடி: நானா? என் வாய்லேர்ந்து ஒரு வார்த்த வெளிய போயிகீதா? சரி, இன்னிக்குப் போவாது. சொல்லு.

சௌம்யா: புது வால்நட்சத்திரம். இதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்ல.

தனக்கோடி: எங்க, காட்டு.

சௌம்யா: வெறுங்கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோ மங்கல். நெறைய படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். தோ, லேப்டாப்புல பாருங்க, இந்தப் புள்ளி. மத்த நட்சத்திரமெல்லாம் ஊசி குத்தின மாதிரி கூரா இருக்கா… இது மட்டும் பஞ்சு மாதிரி.

தனக்கோடி: இதுவா? கண்ணாடியில தூசு ஒட்டிகினு கீது. தொடைச்சியா?

சௌம்யா: தூசு நகராதுக்கா. முந்தாநேத்து இங்க, நேத்து இங்க. சிலி நாட்டுல ஒருத்தரும் பிடிச்சுட்டு, இது நெசம்தான்னு எழுதியிருக்காரு.

தனக்கோடி: அப்புறம் இன்னா? கீழ எறங்கி வர வேண்டியதுதானே.

சௌம்யா: பாதை தெரியல. ரெண்டு நாள் பார்த்ததுக்கு எத்தனையோ பாதை பொருந்தும். இன்னிக்கும் எடம் குறிச்சா, எங்கேர்ந்து வருது, எங்க போகுதுன்னு பிடிச்சிடலாம். நாளைக்கு அது சூரிய வெளிச்சத்துக்குள்ள போயிடும். சிலியில மேகமாம். இன்னிக்கு விட்டுட்டா, திரும்ப வெளிய வர்றப்ப எங்க தேடறதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தொலைஞ்சே போச்சு.

தனக்கோடி: அட, இது நான் பாக்கற வேல.

சௌம்யா: நீங்களா?

தனக்கோடி: பட்டுக்கடை வீரபாகு ஒரு நாளு கோட்டை மைதானத்தாண்ட நின்னுகினு இருந்தான். சரி, காத்து வாங்கறான். மறுநாளு பூக்கடையில. அதுக்கும் மறுநாளு கையில பொட்டலத்தோட சந்து திரும்பினான். எந்த வூட்டுக் கதவு தொறக்கும்னு நான் அப்பவே சொன்னேன். தொறந்துச்சு.

சௌம்யா: மூணு எடம் போதுமா உங்களுக்கு?

தனக்கோடி: நாலாவது எதுக்கு?

சௌம்யா: பாதை கணக்குப் போடறவங்க என்கிட்டயும் மூணுதான் கேக்கறாங்க.

தனக்கோடி: அப்ப எடேன். இன்னாத்துக்கு கைய கட்டிகினு நிக்கற?

சௌம்யா: மேற்கால பாருங்க. இன்னிக்கு அது நல்லா கீழ எறங்கிடுச்சு, கூரை மட்டத்துக்கு. பட்டுக்கடை போர்டு, டெய்லர் கடை, உங்க வூட்டு ஃபோகஸ் லைட்டு… இத்தனை வெளிச்சத்துல பஞ்சு கரைஞ்சிடும்.

தனக்கோடி: எவ்ளோ நேரம் இருட்டு வேணும்?

சௌம்யா: ஒரு இருபது நிமிஷம். ஆனா யாரு…

தனக்கோடி: இரு. அலோ, சிவசங்கரி… நான்தான். உனக்கு மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. கரண்டு தாறுமாறா ஏறி எறங்குதாம். டிவி, ஃபிரிட்ஜு, தறியில மாட்டின எலக்ட்ரானிக் ஜக்கார்டு, எல்லாம் பொசுங்கிடுமாம். ஜல்தி மெயின எறக்கிட்டு அர மணி உக்காரு. யாரு சொன்னதா? பேரு சொல்லக்கூடாதுன்னு சொல்லிகிறாங்க. வெக்கறேன்.

சௌம்யா: அக்கா, அது பொய்.

தனக்கோடி: உனக்குத்தானே ஆவாது. பொய்ய நான் சொல்றேன், படத்த நீ எடு.

சௌம்யா: ஒருத்தர்கிட்ட சொன்னா தெருவே அணையுமா?

தனக்கோடி: யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன் இல்ல? அணையும்… தோ, சிவசங்கரியோட மூலை வூடு போச்சு. டெய்லர் கடை… பட்டுக்கடை போர்டும் அவிஞ்சுது பாரு.

சௌம்யா: உங்க ஃபோகஸ் லைட்டு?

தனக்கோடி: அய்ய, அத மறந்துட்டேன். எங்க வூட்டுக்காரருக்குப் போன்… அட, அவரே அணைச்சிட்டாரு. சிவசங்கரி அதுக்குள்ள சொல்லிகிறா.

சௌம்யா: அசையாதீங்க. தளம் ஆடினா படமும் ஆடும்.

தனக்கோடி: மூச்சு விடலாமா?

சௌம்யா: விடுங்க… பேசாம.

தனக்கோடி: இருபது நிமிஷம் ஓடிப்போச்சு. ஆச்சா?

சௌம்யா: இப்பத்தான் அடுக்குது. ரெண்டு நாள் கணக்க வெச்சு நான் போட்ட வட்டம் இது. இதுக்குள்ள இருக்கணும்.

தனக்கோடி: ஒண்ணும் காணமே.

சௌம்யா: இருங்க… இன்னும் கொஞ்சம்… இப்ப.

தனக்கோடி: பஞ்சு.

சௌம்யா: வட்டத்துக்குள்ளயேதான்.

தனக்கோடி: எந்த வூட்டுக்குப் போவுது? அதச் சொல்லு மொதல்ல.

சௌம்யா: சூரியன சுத்தி வளைஞ்சு, விடியக்காலையில கிழக்கால எட்டிப் பார்க்கும். எந்த எடத்துலன்னு இனிமே சொல்லிடலாம். அளவ அனுப்பிட்டேன்க்கா. இனி அது எங்கயும் ஓட முடியாது.

தனக்கோடி: கெட்டிக்காரிதான் நீ… இன்னாது, வாசல்ல ஆட்டோ நிக்குது. செல்லு லைட்ட அடிச்சிகினு எறங்கறது யாரு… ஐயோ.

சௌம்யா: யாருக்கா?

தனக்கோடி: உங்க மாமியாரு. வெம்பாக்கத்துலேர்ந்து… சௌம்யா, நேத்து சும்மா நலம் விசாரிக்கலாம்னு அவங்களுக்குப் போன் போட்டேன். பேச்சுவாக்குல… மருமவ பட்டினி கெடக்கறா, ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல, பிரிஞ்சிடுவாங்க போல கீதுன்னு… நல்லதுக்குத்தான் சொன்னேன்.

சௌம்யா: தெரியும்க்கா. நீங்க போன வெச்சதும் அத்தை என்னைக் கூப்பிட்டாங்க, நான் விஷயத்தச் சொன்னேன். பாதை தெரியறதுக்கு முன்னாடி வெளிய வந்து, அப்புறம் அது தொலைஞ்சு போச்சுன்னா ஊரே சிரிக்கும், அதுவரைக்கும் தனக்கோடி சண்டைன்னே நெனைச்சிகினு இருக்கட்டும்னு சொன்னதே அவங்கதான். இப்ப பஞ்சாயத்துக்கு வரல, படத்தப் பார்க்க வராங்க. படியில ஒரே இருட்டு… கொஞ்சம் கையப் பிடிச்சு மேல கூட்டினு வாங்க.