அம்பு காட்டும் பக்கம் தள்ளவும்

உங்க ஸ்டேஷன் மேஜை லேசா ஆடுது ஐயா. ஒரு காலுக்குக் கீழே காகிதத்தை மடிச்சு வச்சிருக்கீங்க. மத்த மூணு காலையும் கொஞ்சம் சீவினா சரியாயிடும், ஆனா நம்ம ஆளுங்களுக்குப் பாதுகாப்புன்னா அவ்வளவு இளக்காரம்.

கேட்டதுக்கு வர்றேன். ரூட்டர்னதும் உங்க எழுத்தர் இன்டர்நெட் பெட்டின்னு எழுதிட்டார், திருத்திடுங்க. இது மரத்தோட ஓரத்தைச் சீவுற மிஷின். மேஜைக்கு அடியில தலைகீழா மாட்டினா, சுத்துற பிட், அதாவது சீவுற அலகு, மட்டும் மேல எட்டிப் பார்க்கும். வீட்டுக்குப் பின்னால கார் ஷெட்டுல நானே அமைச்சேன். பிட் மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிடுவேன். பிட் மேல ஒரு மூடி. கை கிட்டப் போகாம கட்டையைத் தள்ள ஒரு தள்ளுகோல். முட்டியால இடிச்சாலே நிக்கிற சுவிட்ச். முக்கியமா, கட்டையை வலமிருந்து இடமாத்தான் தள்ளணும், பிட் சுத்துறதுக்கு எதிரா. மாத்தித் தள்ளினா பிட் கட்டையைக் கவ்வி இழுத்துக்கும், பிடிச்சிருக்கிற கையையும் சேர்த்து. அதுக்காகவே சிவப்புல ஒரு அம்பு ஒட்டி வச்சிருந்தேன்.

இதையெல்லாம் பார்த்து வயிறு வலிக்கச் சிரிச்சவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். முடிதிருத்தும் கடை வச்சிருக்கார். நான் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டினா, "என்ன மச்சான், நிலாவுக்குக் கிளம்பிட்டியா?"ம்பார். எனக்குப் 'பத்திரம்'னு பட்டப்பேர் வச்சதும் அந்த மகராசன்தான். தெருப் பிள்ளைங்க அதையே பிடிச்சுக்கிச்சு. ஒருநாள் சாப்பிடும்போது தங்கச்சியே, "பத்திரம் அண்ணனுக்குத் தண்ணி வைங்க"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எரிஞ்சுது ஐயா, அடிவயித்துல எரிஞ்சுது.

போன வாரம் தங்கச்சி வந்தா. "அண்ணா, அவரு கடைக் கண்ணாடிக்குச் சட்டம் செய்யணுமாம். உன் மிஷினைக் கேட்கிறாரு. நீ பக்கத்துல இருந்து பார்த்துக்கோ. அந்தக் கைய நம்பித்தான் எங்க பொழப்பே ஓடுது."

"நான் இருக்கேன்ல, கவலைப்படாதே"ன்னேன்.

அவர் வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டறையை ஒழுங்கு பண்ணினேன். மூடியில ஒரே தூசி, கழட்டிக் குளியலறையில ஊற வச்சேன். சுத்தமும் பாதுகாப்புதானே? தள்ளுகோல் சிலாம்பு எடுத்திருந்தது, தூக்கிப் போட்டேன். பாவம், மாப்பிள்ளை கையில ஏறிட்டா? முதலுதவிப் பெட்டியில பஞ்சு தீர்ந்திருந்தது, கடைக்குப் போய்ப் பெரிய பொட்டலமாவே வாங்கினேன். அப்புறம் அந்த அம்பைப் பிய்ச்சு, எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி ஒட்டினேன்.

ஏன்னு கேட்கிறீங்க. நியாயமான கேள்வி. நான் கிழக்கேன்னா மேற்கே போற மனுஷன் அவர். அம்பு தப்பா இருந்தா சரியாத் தள்ளுவார்னு நெனச்சேன். அவரோட நன்மைக்குத்தான். எழுதிக்கோங்க.

காலையில வந்தார். நம்ப மாட்டீங்க, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார். சட்டைக் கையை மடிச்சு விட்டு, மோதிரம் வாட்ச் எல்லாம் கழட்டி வச்சிருந்தார். சிரிக்கல.

"மச்சான், உன் தங்கச்சி சத்தியம் வாங்கிட்டா. இன்னைக்கு நீ என்ன சொல்றியோ அதான். இத்தனை நாள் கேலி பண்ணினதை மனசுல வச்சுக்காத. இந்த அம்பு காட்டுற பக்கம்தானே தள்ளணும்?"

"ஆமா மாப்பிள்ளை"ன்னேன்.

வேற என்ன சொல்றது? முதல் தடவையா என் பேச்சைக் கேட்கிறார், அதைக் கெடுக்க மனசு வரல. காதுக்கு அடைப்பான் மாட்டிக்கிட்டுச் சுவிட்ச் பக்கமா நின்னேன். நல்ல அடைப்பான். அலறல்கூட அடுத்த வீட்டுச் சத்தம் மாதிரித்தான் கேட்டுது. மிஷினை நிறுத்தினது நான்தான். கொஞ்சம் நிதானமா நிறுத்தினேன். பஞ்சு போதுமானதா இருந்தது.

மூணு விரல்னு டாக்டர் சொன்னார். வலது கை. ஆஸ்பத்திரி வராந்தாவுல தங்கச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ பக்கத்துல இருந்ததால உசுரோட வந்தாரு அண்ணா"ன்னு அழுதா. அதுக்கப்புறம் யாரும் என்னைப் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடல.

ஒண்ணே ஒண்ணு ஐயா. உங்க காகிதத்துல 'விபத்து'ன்னு போட்டிருக்கீங்க, அதை அடிச்சிடுங்க. எனக்கு என் பேர் முக்கியம். என் பட்டறையில இதுவரைக்கும் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.