ஆறாம் கேபினும் ஏழாம் கேபினும்

அஞ்சாவதோடு படிப்பை விட்ட நான், கிழக்குத் தாம்பரத்தில் டீக்கடை போட்டேன், மேலே மாடி எடுத்தேன், ஊரே சிரித்தும் அந்த மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்து மருமகன் கையில் கொடுத்தேன்.

நேற்று சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் மஞ்சள் குடையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பையன் ஓடி வந்தான்.

"மஞ்சள் குடை! ஒரு வருஷமா சாட்ல பேசுறது நீங்கதானே?"

"அப்பாடா, நெஜமாவே பையன்தான்! கெழவன் யாராச்சும் வந்தா ட்ரெயின் ஏறிடலாம்னு இருந்தேன். இந்தப் பெரியவர் வந்து உக்காந்ததும் இவர்தானோன்னு எந்திரிக்கப் பாத்தேன். ஆமா, வீடு கீழ்க்கட்டளைன்னீங்களே, அங்கேர்ந்தா சாட் பண்றீங்க?"

"இல்லங்க, இங்கதான். காலேஜ் விட்டதும் அந்த டீக்கடை மாடில, ஆறாம் நம்பர் கேபின்."

"அய்யோ! நான் ஏழு! பக்கத்துல எவனோ தனியா சிரிச்சுகிட்டே இருப்பான், லூசுன்னு நெனச்சேன்."

"உங்க ஜோக்குக்குத்தாங்க சிரிச்சேன்!"

அவள் ஏற இருந்த ட்ரெயின் போயே போய்விட்டது.

கேபினுக்கு நாலடித் தடுப்பு போதும் என்றார் கார்பென்டர். ஏழடி வைக்கச் சொன்னவன் நான். நாலடி என்றால் முதல் நாளே முகம் பார்த்து, கூச்சத்தில் பேசாமலே போயிருப்பார்கள். இந்தக் கதையை அவர்கள் யாரிடம் சொன்னாலும் என் பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.