வண்டிமலைச்சிக்கு வந்த விருது

நெழலுக்குத் தள்ளி உக்காருங்க தாயி. வண்டிமலைச்சி இப்ப வரமாட்டா. நாங்குநேரியில ஒரு சடங்கு வீடு, அங்க போயிருக்கா. அங்கனருந்து அப்படியே உடன்குடிக்குக் கருப்பட்டி வாங்கப் போனாலும் போயிருவா.

இல்ல, நீங்க சொல்லுதது சரிதான். மெட்ராஸ்லருந்து இம்புட்டுத் தூரம் வந்துட்டு அவளப் பாக்காமப் போக முடியுமா? உங்க அறக்கட்டளைப் பணத்துலதான் எங்க தெருச் சங்கம் ஓடுது. சங்கத்த நடத்துத டார்லினுக்குச் சம்பளமும் அதுலதான். இன்னும் மூணு வருசத்துக்கு உண்டா இல்லையாங்கது நீங்க போயி எழுதுததுல இருக்கு. எனக்குத் தெரியாதா?

டார்லினா? கலெக்டராபீசுக்கு மனு குடுக்கப் போயிருக்கா. இன்னைக்குத் திங்கக்கிழமைல்லா. நான் பூதலிங்கம். சங்கத்துக்கு எழுத்து வேலையெல்லாம் நாந்தான்.

வண்டிமலைச்சி லேசுப்பட்டவ இல்ல தாயி. எங்க ஊரு கிராமசபையில ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்க முன்னாடியே வெத்துத் தாள்ல எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கிருவாவ. தீர்மானத்தப் பொறவு சாவகாசமா அவுக இஷ்டத்துக்கு எழுதிக்கிடுவாவ. முப்பது வருசமா எங்க தெருவுக்குக் குழாய் வராதது அப்படித்தான். போன ஆகஸ்டு பதினஞ்சுக்கு இவ எந்திரிச்சா. மொதல்ல எழுதுங்க, வாசிச்சுக் காட்டுங்க, பொறவு கையெழுத்துன்னா. தலைவரு உக்காருன்னாரு. உக்காரல. பதினோரு மணிக்கு நின்னவ அஞ்சு மணிக்கும் நிக்கா. அவ போட்ட சத்தத்துல ஆத்துத் தண்ணி ரெண்டடி பின்னால போயிட்டுன்னு அக்கரையில சொல்லுதாவ. நான் கண்ணால பாக்கல. அதனால அத உங்களுக்கு அனுப்பின ரிப்போர்ட்டுல எழுதல.

என்னது? ஒரு பக்கத்துல புருசன் செத்துட்டான்னு போட்டிருக்கா? ஆமா, பாவம். அடுத்த பக்கத்துல அவரு லாரி ஓட்டுதாரா? ஓட்டுதாரு, ஓட்டுதாரு. கைநாட்டுக்காரி சட்டப் புத்தகத்த எப்படி வாசிச்சாங்கீயளா? நீங்க முழுசா வாசிச்சிருக்கீய தாயி. முன்னால வந்தவுக போட்டோவ மட்டும் பாத்துட்டுப் போயிட்டாவ.

வடைய எடுத்துக்கிடுங்க, ஆறுது.

விருதா? பேப்பர்ல படத்தோட வருமா? அங்கனதான் சங்கடம். எங்க பொம்பளையளுக்கு நடவு, களை எல்லாம் தலைவரு வகையறா வயல்லதான். கேள்வி கேட்டது இன்னாருன்னு தெரிஞ்சா மறுநா அவ வரப்புல கால் வைக்க முடியாது. ரெண்டு வருசம் முன்னால ஒருத்தி கேட்டா. இப்ப திருப்பூர்ல பனியன் தைக்கா. அதுக்குப் பொறவுதான் டார்லின் ஒரு வழி பண்ணினா. ஒருத்தி எந்திரிச்சுக் கால்வாசிக் கேள்வி கேக்கணும். அவ உக்காந்ததும் அடுத்தவ விட்ட எடத்துலருந்து கேக்கணும். பத்தாப்புப் படிச்ச புள்ள சட்டத்த வாசிச்சா. தொண்டை உள்ளவ சத்தம் போட்டா. ஆறு மணி நேரமும் மாத்தி மாத்தி நின்னாவ. மொத்தம் நாப்பத்தோரு பேரு. அம்புட்டுப் பேரையும் வேலைய விட்டு நிப்பாட்டினா நாத்த யாரு நடுவா? தீர்மானம் ஏறிட்டு. குழாயும் வந்துட்டு, அன்னா தெரியுதுல்லா.

உங்க படிவத்துல சாதிச்ச பெண் ஒருவர்னு ஒரே ஒரு கட்டந்தான் போட்டிருந்தீய. அதுல நாப்பத்தோரு பேர எப்படி அடைக்க? ஒருத்தி பேர எழுதினா அவ பொழப்பு போச்சு. அதனால ஊருக்கு மேக்க கோயில்ல மல்லாந்து கெடக்காள்லா ஒரு சாமி, அவ பேர எழுதி, எல்லார் கதையயும் அவ மேல ஏத்திட்டேன். எங்க தெருவுல வண்டிமலைச்சின்னு மனுசி எவளும் கெடையாது தாயி.

டார்லினுக்கு இது தெரியாது. வாசிக்காமக் கையெழுத்துப் போடாதீயன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதவ, நான் நீட்டினத மட்டும் வாசிக்காமப் போட்டுட்டா. அவ மேல ஒண்ணும் எழுதிராதீய. பொய் சொன்னது யாருன்னு உங்க ஆபீசுல கேட்டா என் பேர எழுதுங்க. முழுப் பேரு, அப்பா பேரு, கதவு நம்பர் எல்லாம் சொல்லுதேன். என்னைய வயல் வேலைக்கு எவனும் கூப்பிட்டுப் பத்து வருசமாச்சு.