தோழர் பாக்கியசாமியின் இடது காது

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தலைமை ஏற்றிருக்கும் தோழர் தங்கராசு அவர்களே, ஷிப்ட் முடித்து முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே!

சங்கச் செயலாளராக எத்தனையோ சாவுகளுக்கு இந்த மைக்கின் முன் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் யாரை எதிர்த்துப் பேசுவது என்று தெரியும். இன்று யாரை எதிர்த்துப் பேசுவேன்?

நம் துணைத் தலைவர், காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் காவலர், தோழர் பாக்கியசாமி! பேச்சுவார்த்தையில் அதிகாரிகள் முடியாது என்றால் இடது காதைத் திருப்புவார். "இந்தக் காதுல வுழலீங்க சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்பார். அவர்கள் களைத்துப்போய்ச் சரி என்கிற வரைக்கும் அவருக்குக் கேட்காது! காண்ட்ராக்ட் பெண்களுக்கு ஓய்வறை அப்படித்தான் கிடைத்தது. நாம் கைதட்டிச் சிரித்தோம். அந்தக் காது உண்மையிலேயே மந்தமாகிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரிந்தது?

"வூட்டுக்குப் போனாலும் பெல்ட் ஓடிக்கினே இருக்குதுண்ணே" என்பார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை பார்க்கும் யாருக்குத்தான் காதில் இரைச்சல் இல்லை?

டாக்டர்தான் நாடி பிடித்துப் பார்த்து, காதின் இரைச்சல் நாடியோடு சேர்ந்தே துடிக்கிறது என்று சொன்னார். அது பெல்ட் சத்தம் அல்ல. அவருடைய ரத்தம் ஓடும் சத்தம். நடுக்காதில் ரத்தக்குழாய்க் கட்டி. அபூர்வமாக யாருக்கோ வருவது, இவருக்கு வந்தது. கேன்சர் இல்லை என்றதும் சங்க அலுவலகத்தில் லட்டு கொடுத்தோமே, தோழர்களே!

அந்தக் கட்டி எலும்பை அரித்து மூளைப் பக்கம் போனது. முகம் கோணியது. தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. சென்னையில் ஆபரேஷன். ரத்தம் நிற்கவில்லை. பாடுபட்ட டாக்டர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சிலர் பேசிக்கொண்டீர்கள்: "கேன்சர் இல்லன்னாங்களே, சும்மா வுட்டிருக்கலாமே?" அது அவருடைய மனைவி ஸ்டெல்லாவின் காதில் விழுந்தது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது அந்தத் தங்கைதான். "நான் போடாம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாராண்ணே?" என்று என்னிடம் கேட்டது. சும்மா விட்டிருந்தாலும் அந்தக் கட்டி அவரை விட்டிருக்காது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டியது. நம்பவில்லை. நான் என்ன செய்வேன்?

நிரந்தரப் பணிக்காக பாக்கியசாமி தொடங்கிய போராட்டத்தை விடமாட்டோம். இது உறுதி! 'சும்மா விட்டிருக்கலாமே' என்ற அந்தக் கேள்வியை இனி யாரும் ஸ்டெல்லாவின் வாசலில் கொண்டுபோய் வைக்க மாட்டோம். இதற்கும் எனக்கு உங்கள் உறுதி வேண்டும்.

போன இரங்கல் கூட்டத்தில் மௌன அஞ்சலியின்போது என் பக்கத்தில் நின்ற பாக்கியசாமி, "எல்லாரும் கம்முனு நிக்கறீங்க, எனக்கு மட்டும் சத்தம் நிக்க மாட்டேங்குதுண்ணே" என்றார். இப்போது நின்றுவிட்டது.

முழக்கம் வேண்டாம். எல்லோரும் அமைதியாக எழுந்து நிற்போம். ஸ்டெல்லா, நீ உட்காரம்மா. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீ நின்றதே போதும்.